யாரைக் கொண்டு பிறந்தது இந்தப் பிள்ளை? சிறுவர் கதைகள் சொல்லும் பதில்கள்

"யாரைக் கொண்டு பிறந்ததோ இது!" நம் வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. அப்பாவும் சித்தப்பாக்களும் பந்து விளையாட்டில் பேர் எடுத்தவர்களாக இருப்பார்கள். மகன் மூலையில் உட்கார்ந்து படம் வரைந்து கொண்டிருப்பான். அக்கா தங்கைகள் எல்லோரும் வாயாடிகளாக இருக்க, நடுவில் ஒருத்தி மட்டும் விருந்தாளி வந்தால் அறைக்குள் ஓடி ஒளிவாள். ஆசிரியர் குடும்பத்துப் பையன் மோட்டார் பட்டறையே கதி என்று கிடப்பான். பாதி கேலியாகவும் பாதிக் கவலையாகவும் பெரியவர்கள் இதைச் சொல்கிறார்கள். எந்தப் பாதி கேலி, எந்தப் பாதி கவலை என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை.

சிறுவர் இலக்கியத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு பெரிய அலமாரி இருக்கிறது. குடும்பத்தில் ஒருவன் மட்டும் வேறு மாதிரி. அவன் கேலிக்கு ஆளாகிறான், வீட்டை விட்டுப் போகிறான், ஆபத்துகளைச் சந்திக்கிறான், கடைசியில் தன்னை ஏற்றுக்கொள்ளும் இடத்தை அடைகிறான். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் படங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்று தோன்றும். "நல்ல கருத்துள்ள படம்" என்று நாமும் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ஆனால் இந்தக் கதைகள் எல்லாம் பிள்ளையிடம் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. சிலவற்றின் செய்தி நாம் சொல்ல விரும்பாத ஒன்றாகவும் இருக்கக்கூடும். எந்தக் கதை எதைச் சொல்கிறது என்று பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வாத்துக் கூட்டத்தில் அன்னக்குஞ்சு

இந்த வகைக் கதைகளில் உலகம் முழுக்கப் பரவியது 'அழகற்ற வாத்துக்குஞ்சு'. டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1843இல் இதை வெளியிட்டார். தமிழ்ப்பள்ளிகளின் கதை சொல்லும் போட்டிகளில் நம்மில் பலர் கேட்டிருப்போம். வாத்து அடைகாத்த முட்டைகளில் ஒன்று மட்டும் பெரிதாக இருக்கிறது, தாமதமாகப் பொரிகிறது. வெளியே வந்த குஞ்சு சாம்பல் நிறத்தில், பெரிதாக, அவலட்சணமாக இருக்கிறது. எல்லோரும் கொத்துகிறார்கள், விரட்டுகிறார்கள். பனிக்காலம் முழுதும் அலைந்து திரிந்து, வசந்தம் வந்ததும் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தால் அது ஓர் அன்னம்.

போட்டிக்காகச் சுருக்கிச் சொல்லும்போது நாம் விட்டுவிடுகிற ஓர் இடம் மூலக்கதையில் இருக்கிறது. தாய் வாத்து தொடக்கத்தில் அந்தக் குஞ்சுக்காகப் பரிந்து பேசுகிறது. நன்றாக நீந்துகிறதே, இது என் பிள்ளைதான் என்று மற்ற வாத்துகளிடம் வாதாடுகிறது. நாளாக ஆக, அக்கம்பக்கத்தார் பேச்சு பொறுக்காமல், இது எங்காவது தொலைந்து போனால் தேவலை என்று அந்தத் தாயே நினைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. இந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்பதற்கு விளக்கம் தேவையில்லை. சொந்தக்காரர் கல்யாண வீட்டில், நாலு பேர் எதிரில், பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேசிவிட்டு வந்த அம்மாக்களுக்கு அது தெரியும்.

இன்னோர் இடமும் உண்டு. அலைந்து திரியும் குஞ்சு ஒரு கிழவியின் குடிசையில் அடைக்கலம் புகுகிறது. அங்கே ஒரு பூனையும் ஒரு கோழியும் இருக்கின்றன. கோழி அதைப் பார்த்து, உனக்கு முட்டையிடத் தெரியுமா என்று விசாரிக்கிறது. பூனை, முதுகை வளைக்கத் தெரியுமா, உறுமத் தெரியுமா என்று கேட்கிறது. தெரியாது என்றதும், அப்படியானால் உனக்குக் கருத்துச் சொல்லும் தகுதி இல்லை என்று அடக்கிவிடுகின்றன. தண்ணீரில் முங்கி நீந்த ஆசையாக இருக்கிறது என்று குஞ்சு சொன்னால், உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறது கோழி. அந்தக் குடிசையில் முட்டையும் உறுமலும்தான் பாடத்திட்டம். நீச்சலுக்குப் புள்ளி கிடையாது.

ஆண்டர்சன் இதைத் தன் கதையாகவே எழுதினார். 1805இல் ஓடன்ஸ் என்ற ஊரில் ஏழைச் செருப்புத் தொழிலாளிக்கும் துணி வெளுக்கும் தாய்க்கும் பிறந்தவர். நெட்டையான, விகாரமான உடல்வாகு. பாட்டும் நாடகமும் கனவு. 14 வயதில் தனியாகத் தலைநகர் கோப்பன்ஹேகனுக்குப் போனார். அவருக்கு அன்னங்கள் வேறோர் இடத்தில்தான் கிடைத்தன.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தக் கதை பிள்ளைக்குத் தரும் ஆறுதல் என்ன? நீ வேறாக இருப்பதற்குக் காரணம், நீ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவனே இல்லை. உன் உண்மையான இனம் வேறெங்கோ இருக்கிறது, காத்திரு. அன்னம் திரும்பி வந்து தாய் வாத்தைப் பார்த்ததாகக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டாலின் 'மட்டில்டா' நாவலும் (1988) ஏறக்குறைய இதே பாதையில் போகிறது. நாலு வயதிலேயே நூலகத்துப் புத்தகங்களைப் படித்து முடிக்கும் சிறுமி. பழைய கார்களை ஏமாற்றி விற்கும் அப்பா. புத்தகம் என்றாலே ஏளனம் செய்யும் வீடு. கடைசியில் அவள் தன் ஆசிரியையுடன் தங்கிவிடுகிறாள். பெற்றோரும் மறுப்புச் சொல்லாமல் விட்டுப் போகிறார்கள்.

கொடுமையான வீட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு இந்தக் கதைகள் உயிர்க்காற்று. அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் சராசரி வீட்டுப் பிள்ளை நாளைக் காலையும் அதே அப்பாவோடுதான் பள்ளிக்கூடம் போக வேண்டும், அதே அண்ணனோடுதான் அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வெளியேறுவது எப்படி என்பதை விட, உள்ளேயே இருந்துகொண்டு வேறாக இருப்பது எப்படி என்பதுதான் அந்தப் பிள்ளையின் கேள்வி.

டிராகனைக் கொல்ல முடியாத தலைவர் மகன்

அந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட கதை 'ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்'. இங்கிலாந்து எழுத்தாளர் கிரெசிடா கவல் எழுதிய நாவல் 2003இல் வந்தது. அதைத் தொடர்ந்து மொத்தம் 12 நாவல்கள். 2010இல் டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் கார்ட்டூன் படமாக்கியது. 2025 ஜூனில் நிஜ நடிகர்களுடன் மீண்டும் படமாக வந்தது. முதல் படத்தை இயக்கிய இருவரில் ஒருவரான டீன் டுபுவாதான் இதையும் இயக்கினார். அப்பா பாத்திரத்துக்கு முன்பு குரல் கொடுத்த ஜெரார்ட் பட்லரே இதில் நேரில் நடித்தார்.

படத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பெர்க் என்ற தீவில் வைக்கிங் மக்கள். தலைமுறை தலைமுறையாக டிராகன்களோடு சண்டை. தலைவர் ஸ்டோயிக் மலை போன்ற ஆள். அவருடைய ஒரே மகன் ஹிக்கப் ஒல்லிப்பிச்சான், கோடரி தூக்கத் தெம்பில்லாதவன். கொல்லன் பட்டறையில் எடுபிடி வேலை செய்துகொண்டு விதவிதமான கருவிகளை வடிவமைக்கிறான். யாரும் பார்த்திராத ஒரு கறுப்பு டிராகனைத் தன் கருவியால் வீழ்த்தியும் விடுகிறான். கொல்லப் போனவனுக்கு அதன் கண்களைப் பார்த்ததும் கை வரவில்லை. கட்டை அறுத்து விடுகிறான். பிறகு வாலில் அடிபட்டுப் பறக்க முடியாமல் போன அந்த டிராகனுக்கு, பட்டறையில் கற்ற வேலையைக் கொண்டு ஒரு செயற்கை வால்துடுப்பு செய்து மாட்டுகிறான். அதன் பெயர் டூத்லெஸ்.

பறக்கும் காட்சிகளைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வீட்டுக்குள் நடக்கும் ஒரு சின்னக் காட்சி. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கிறார்கள். நீ முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று தடுமாறி, கடைசியில் அப்பா முந்திக்கொள்கிறார். உன் ஆசைப்படியே டிராகன் சண்டைப் பயிற்சிக்கு அனுப்புகிறேன் என்கிறார். மகன் சொல்ல வந்ததோ, எனக்கு டிராகன்களோடு சண்டை போட விருப்பம் இல்லை என்பது. அதை எப்படிச் சொல்வது? அப்பா மனம் குளிர்ந்து ஒன்றைக் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவுக்குப் போன பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்!

பிறகு இன்னொரு நாள் அப்பா மகனுக்கு ஒரு தலைக்கவசம் கொண்டுவந்து தருகிறார். இறந்துபோனதாகக் கருதப்படும் தாயின் மார்புக்கவசத்திலிருந்து செய்தது. பாசத்தோடுதான் தருகிறார். மகன் பயிற்சியில் கெட்டிக்காரனாகிவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பேச இப்போது பொதுவான விஷயம் கிடைத்துவிட்டது என்று நம்புகிறார். மகன் டிராகன்களைச் சாய்ப்பது வீரத்தால் இல்லை, டூத்லெஸ்ஸிடம் கற்றுக்கொண்ட தந்திரங்களால் என்பது அவருக்குத் தெரியாது. அவர் பெருமைப்படுவது இல்லாத ஒரு மகனைப் பற்றி. எதிரே இருக்கிற மகன் நெளிகிறான்.

கெட்ட அப்பா என்று ஸ்டோயிக்கைத் தள்ளிவிட முடியாது என்பது இந்தக் கதையின் பலம். டிராகன்கள் உண்மையிலேயே ஊரை எரிக்கின்றன, ஆடுகளைத் தூக்கிப் போகின்றன, ஆட்களைக் கொல்கின்றன. அவர் பயம் நியாயமான பயம்.

நம் பெற்றோரின் பயத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, லயத்து வீட்டில் பிள்ளைகளை வளர்த்த தலைமுறைக்குப் படிப்பு ஒன்றுதான் வெளியே போகும் வழியாக இருந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறியபோது, கையில் சான்றிதழ் இருந்தவர்கள் தாமானில் வீடு வாங்கினார்கள். இல்லாதவர்கள் பட்ட பாடு ஊரறியும். அந்த வீட்டில் ஒரு பிள்ளை, எனக்கு மத்தளம் வாசிக்கத்தான் பிடித்திருக்கிறது என்று சொன்னால், பெற்றோர் காதில் விழுவது மத்தளச் சத்தம் இல்லை. பழைய லயத்துக் கதவு திறக்கிற சத்தம். பிள்ளைக்கு இது தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நமக்கும் இப்படி ஒரு கதை பழக்கம்தான். இரணியன் மகன் பிரகலாதன். அரக்கர் குலத்தில் பிறந்து, தகப்பன் வெறுக்கும் பெயரையே சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. நெருப்பு, யானை, பாம்பு, மலையுச்சி என்று தகப்பன் எல்லாவற்றையும் முயன்று பார்த்ததைக் கோயில் கதாகாலட்சேபத்தில் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கதையில் யார் பக்கம் நியாயம் என்பது கேட்பவருக்கு முதலிலேயே தெரியும். இரணியனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க எந்த அப்பாவும் துணிவதில்லை. வீட்டில் நடப்பது அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஸ்டோயிக்கைப் பார்க்கும்போது அப்பாக்கள் தங்களைக் கொஞ்சம் அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

நாவல் படத்திலிருந்து நிறைய மாறுபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் டூத்லெஸ் குட்டியூண்டு டிராகன். சோம்பேறி, சுயநலக்காரன், சொன்ன பேச்சு கேட்காதவன். டிராகனைப் பழக்குவது எப்படி என்று வைக்கிங் கூட்டத்திடம் இருப்பது ஒரே ஒரு கையேடு. ஆவலோடு ஹிக்கப் அதைத் திறந்தால், முழுப் புத்தகத்திலும் ஒரே ஓர் அறிவுரைதான்: அதட்டு, எவ்வளவு உரக்கவோ அவ்வளவு நல்லது. பரம்பரை பரம்பரையாகக் கைமாறி வந்த அந்தக் கையேடு நம் வீடுகளிலும் ஒரு பிரதி இருக்கிறது. உரக்கக் கத்த வராத ஹிக்கப் வேறு வழியில்லாமல் டிராகன்களின் மொழியில் பேசிப் பார்க்கிறான். படம் பார்த்துப் பிடித்துப்போன 9, 10 வயதுப் பிள்ளைக்கு இந்த நாவலைக் கொடுத்தால் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆங்கிலம் தடுமாறுகிற பிள்ளையாக இருந்தால் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும்.

பயன்பட்டால்தான் பாசமா?

படத்தின் தொடக்கத்தில் கொல்லன் கோபர் ஹிக்கப்பைத் தலை முதல் கால் வரை கையால் காட்டி, இதையெல்லாம் நீ மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறார். காட்டியது என் முழு உடலையும் ஆயிற்றே என்கிறான் பையன். படத்தின் முடிவில், பேரரக்க டிராகனை வென்று ஊரைக் காப்பாற்றி, ஒரு காலையும் இழந்து ஹிக்கப் கண் விழிக்கும்போது, அப்பா அதே மாதிரி அவனைத் தலை முதல் கால் வரை காட்டி, நமக்குத் தேவைப்பட்டது இதுதான் என்கிறார். திரையரங்கில் கண் கலங்க வைக்கும் இடம்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஊரைக் காப்பாற்றாமல் இருந்திருந்தால்?

அப்பா மன்னிப்புக் கேட்பது, தன் வழி தோற்றுப்போய், மகன் வழி சரி என்று கண்ணால் கண்ட பிறகுதான். இந்த மாதிரிக் கதைகள் பலவற்றில் இதே கணக்குத்தான். கிறிஸ்துமஸ் மாதத்தில் பேரங்காடிகளில் ஓயாமல் ஒலிக்கும் ருடால்ஃப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1939இல் அமெரிக்காவின் மாண்ட்காமரி வார்ட் என்ற கடைக்காக ராபர்ட் மே என்பவர் எழுதிய கதை அது, பிறகு பாட்டாயிற்று. சிவந்த மூக்கு கொண்ட கலைமானை மற்ற மான்கள் கேலி செய்கின்றன, விளையாட்டில் சேர்ப்பதில்லை. பனிமூட்டத்தில் அந்த மூக்கு விளக்காகப் பயன்பட்டதும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். 1941இல் வந்த வால்ட் டிஸ்னியின் 'டம்போ' படத்திலும் யானைக்குட்டியின் பெரிய காதுகள் அவமானமாக இருந்து, அவற்றைக் கொண்டு பறக்க முடியும் என்றானதும் பெருமையாகிவிடுகின்றன.

வித்தியாசம் பயன்பட்டால் ஏற்றுக்கொள்வோம் என்பதுதான் இந்தக் கதைகள் போடும் நிபந்தனை. அன்னக்குஞ்சிடம் கோழி கேட்ட அதே முட்டைக் கேள்வி, கொஞ்சம் இனிப்புத் தடவி. பெரியவர்களுக்கு இது உறுத்தாது. பிள்ளை கவனிக்கும். என் மூக்கு விளக்காக எரியவில்லையே, என் காது பறக்கவில்லையே, நான் சும்மா கூச்சப்படுகிற பிள்ளைதானே, அப்படியானால் எனக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று அது நினைத்துப் பார்க்கும்.

நாம் இந்தக் கணக்கை நன்றாகவே பழக்கி வைத்திருக்கிறோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் எல்லாப் பாடங்களிலும் ஏ எடுத்த மாணவர்களின் படங்களைத் தமிழ் நாளிதழ்கள் பக்கம் பக்கமாக வெளியிட்டன. அந்தப் பிள்ளைகளை உற்சாகப்படுத்தியது நல்ல காரியம்தான். அதே பக்கத்தை வீட்டில் விரித்து வைத்துக்கொண்டு, பார் உன் பெரியப்பா மகனை என்று கேட்டபோது வேறு வேலையும் நடந்தது. அந்தத் தேர்வு 2021இலும், மூன்றாம் படிவ பி.டி.3 தேர்வு 2022இலும் எடுக்கப்பட்டுவிட்டன. ஒப்பிடுகிற பழக்கத்தை எடுக்கக் கல்வி அமைச்சால் ஆகாது. பாட வராத பிள்ளை வரையும் என்றால், சரி, ஓவியப் போட்டியில் பரிசு வாங்கு, அப்புறம் பார்க்கலாம் என்கிறோம். திறமையைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, முட்டை கேட்கிறோம்.

சண்டைக்குப் போகாத காளை

முட்டை கேட்காத ஒரு கதை உண்டு. 1936இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஃபெர்டினாண்டின் கதை'. எழுதியவர் மன்ரோ லீஃப்; படம் வரைந்தவர் ராபர்ட் லாசன். பொடிப் புத்தகம், பத்து நிமிடத்தில் வாசித்து முடிக்கலாம். மாட்டுப் பொங்கலும் சல்லிக்கட்டும் தெரிந்த நமக்குக் காளை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, ஆகவே இந்தக் கதை நமக்குச் சட்டென்று பிடிபடும்.

ஸ்பெயின் நாட்டில் ஒரு மேய்ச்சல் வெளி. அங்குள்ள இளங்காளைகள் எல்லாம் ஓடி, குதித்து, முட்டி மோதி விளையாடுகின்றன. மாட்ரிட் நகரத்துக் காளைச் சண்டைக்குத் தங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அவற்றின் ஆசை. ஃபெர்டினாண்ட் மட்டும் தக்கை மரத்தின் நிழலில் உட்கார்ந்து பூக்களை முகர்ந்துகொண்டிருக்கும். லாசன் அந்த மரத்தில் பாட்டில் தக்கைகள் குலை குலையாகக் காய்த்துத் தொங்குவதாக வரைந்து வைத்திருக்கிறார். பிள்ளைகளிடம் காட்டிப் பாருங்கள்.

தாய்ப்பசுவுக்குக் கவலை. இப்படித் தனியாக இருக்கிறதே, ஏங்கிப் போய்விடுமோ என்று. அது என்ன செய்கிறது? மகனிடம் போய்க் கேட்கிறது. மற்றவர்களோடு ஏன் விளையாடப் போகவில்லை என்று விசாரிக்கிறது. எனக்கு இங்கே இப்படி உட்கார்ந்து பூ முகர்வதுதான் பிடித்திருக்கிறது என்கிறது மகன். பிள்ளை ஏக்கத்தில் இல்லை, நிம்மதியாக இருக்கிறது என்பதைத் தாய் பார்க்கிறது. விட்டுவிடுகிறது. அவ்வளவுதான். இதற்காக ஃபெர்டினாண்ட் எந்த ஊரையும் காப்பாற்றவில்லை, எந்தப் பரிசும் வாங்கவில்லை. கதை தொடங்கிய சில பக்கங்களிலேயே ஏற்பு முடிந்துவிடுகிறது.

அதற்கப்புறம்தான் சாகசம். காளை பிடிக்க மாட்ரிட்டிலிருந்து ஆட்கள் வந்த நாளில் ஃபெர்டினாண்ட் ஒரு தேனீயின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. கொட்டிய வலியில் அது துள்ளிக் குதித்து ஓட, இதுவல்லவோ முரட்டுக் காளை என்று பிடித்துப் போகிறார்கள். கொடியும் கொட்டு மேளமுமாகச் சண்டைத் திடல். நடுவில் வந்த ஃபெர்டினாண்ட், பெண்கள் தலையில் சூடியிருந்த பூக்களைக் கண்டு, வாசனை பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. என்ன செய்தும் எழவில்லை. வேறு வழியில்லாமல் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். அது பழையபடி தக்கை மரத்தடியில்.

அந்தத் திடலில் அவ்வளவு பேர் கத்தியும் அது மாறாமல் உட்கார்ந்திருக்க முடிந்ததற்குக் காரணம், மரத்தடியில் தாய் கேட்ட அந்தக் கேள்வி என்றே நான் படிக்கிறேன். ஆசிரியர் அப்படி எழுதி வைக்கவில்லை. ஆனால் வீட்டில் ஏற்கப்பட்ட பிள்ளைக்கு வெளியே நிற்கத் தெம்பு வருவதைப் பார்த்திருக்கிறோம்.

இந்தப் பொடிக் கதைக்கு வந்த எதிர்ப்பு வேடிக்கையானது. புத்தகம் வந்த ஆண்டில்தான் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. சண்டை போடாத காளை என்றால் இது அமைதிப் பிரச்சாரம் என்று சந்தேகித்து, ஃபிராங்கோ ஆட்சி இதைத் தடை செய்தது. ஒரு மாடு பூ முகர்வதைக் கூடப் பொறுக்க முடியாதவர்கள் உலகில் எப்போதும் உண்டு. டிஸ்னி 1938இல் இதைக் குறும்படமாக்கி ஆஸ்கார் விருது பெற்றது. 2017இல் முழு நீளப் படமும் வந்தது. அதில் துரத்தல், நடனம், முள்ளம்பன்றிகள் என்று நிறைய சேர்த்துவிட்டார்கள். புத்தகத்தின் சிறந்த பாத்திரமான அந்தத் தாய்க்கு அதில் வேலையில்லை. குறும்படத்தில் இருக்கிறது.

தாய்ப்பசு செய்ததை ஒருமுறை திரும்பப் பார்த்தால், அது கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடவில்லை என்பது தெரியும். முதலில் கவலைப்பட்டது. கேட்டது. பதிலைக் கேட்டு முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிள்ளை உண்மையில் நன்றாக இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்த்தது. ஏங்கிக்கொண்டிருந்திருந்தால் வேறு ஏதாவது செய்திருக்கும். தனியாக இருக்கிற எல்லாப் பிள்ளையும் பூ முகர்ந்துகொண்டிருப்பதில்லை; பள்ளியில் யாரோ அடித்து மிரட்டுவதால் ஒதுங்கிப் போன பிள்ளையும் அதே மூலையில்தான் உட்கார்ந்திருக்கும். திடீரென்று சாப்பாடு, தூக்கம் குறைந்து ஒதுங்குகிற பிள்ளையை "அவன் சுபாவமே அப்படி" என்று விட்டுவிடக் கூடாது. கேட்காமல் திட்டுவதற்கும் கேட்காமல் விடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

யாரைக் கொண்டு பிறந்தது என்ற கேள்விக்கும் ஹிக்கப் கதையில் ஒரு பதில் இருக்கிறது. 2014இல் வந்த இரண்டாம் படத்தில், இறந்ததாக நினைத்த தாய் வால்கா உயிரோடு இருப்பது தெரிகிறது. அவளும் ஒரு காலத்தில் டிராகனைக் கொல்ல முடியாமல் தயங்கியவள். இருபது ஆண்டுகளாக டிராகன்களோடு வாழ்ந்தவள். ஊரில் இல்லாத சுபாவம் என்று எல்லோரும் ஏசியது தாயிடமிருந்தே வந்திருக்கிறது. நம் வீட்டிலும் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம். மேடை நாடகத்தில் வேடம் கட்டிய தாத்தா ஒருவர், வரைந்ததையெல்லாம் அடுப்பில் போட்ட அத்தை ஒருத்தி, பழைய கதையில் எங்காவது கிடைப்பார்.

விடுமுறையில் இந்தப் படங்களைப் போட்டுக் கொடுப்பவர்கள் கூடவே உட்கார்ந்து பார்ப்பது நல்லது. முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று தேர்வுக் கேள்வி கேட்டால் பிள்ளை நமக்குப் பிடித்த விடையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். ஹிக்கப்பின் அப்பா முந்திக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று கேட்கலாம். ருடால்ஃபின் மூக்கு எரியாமலே போயிருந்தால் மற்ற மான்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். வாத்துக்குஞ்சு அன்னமான பிறகு தாயைப் பார்க்கப் போயிருந்தால் இருவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று எழுதச் சொல்லலாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நல்ல கட்டுரைப் பயிற்சியும் ஆகும். ஃபெர்டினாண்ட் புத்தகத்தை ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று படத்தைக் காட்டிச் சொல்லலாம். தாய்ப்பசு வரும் பக்கத்தில் கொஞ்சம் நிறுத்தி, பிள்ளை ஏதாவது சொல்கிறதா என்று பாருங்கள்.